கேமோட கதை வசனத்துல மட்டும் இல்ல, விதியிலயும் இருக்கு: புதுசா வர்றவங்களுக்கு ஒரு விளக்கம்

"கிராபிக்ஸ் வேற லெவல், ஸ்டோரி செம, கேம்ப்ளே மட்டும் கொஞ்சம் சுமார்." எந்த கேம் வந்தாலும் நம்ம ஆளுங்க ரிவ்யூ இப்படித்தான் இருக்கு, மூணுக்கும் தனித்தனியா மார்க் போட்டு கூட்டிச் சொல்ற மாதிரி. "கேம் டிசைன் படிக்கப் போறேன்"னு ஒரு பொண்ணு வீட்ல சொன்னா "படம் வரையுறதாம்மா?"ன்னு ஒருத்தர் கேப்பாரு, "கோடிங்தானே, நல்ல சம்பளம் வரும்"னு இன்னொருத்தர் முடிச்சிடுவாரு. ரெண்டுமே இல்ல. படம் வரையுறவர் ஆர்ட்டிஸ்ட், கோட் எழுதுறவர் புரோகிராமர், டிசைனரோட வேலை வேற. அந்த வேலை திரையில நேரடியா கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் இவ்ளோ குழப்பம்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு கேம் உங்களை எதைச் செய்ய வைக்குது, எதைச் செய்ய விடாது, எதுக்கு பரிசு குடுக்குது, எதுக்கு அடி போடுதுங்கிற விதிகளுக்குள்ளயே ஒரு கதை ஓடிட்டு இருக்கு. வசனமும் வீடியோவும் அதுக்கு மேல வர்றதுதான். இது புரிஞ்சிட்டா விளையாடுறவங்களுக்கு கேம் வேற மாதிரி தெரியும், ஏதாவது உருவாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு எங்க கை வைக்கணும்னு தெரியும்.

தெரு கிரிக்கெட்ல இருந்து ஆரம்பிப்போம்

டிவியில பாக்குற கிரிக்கெட்டும் தெருவுல ஆடுற கிரிக்கெட்டும் ஒண்ணு இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். தெருவுல ஒன் பிட்ச் கேட்ச் பிடிச்சா அவுட், எதிர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள பந்து நேரா போய் விழுந்தா அவுட், ஆள் ஒத்தைப்படையில வந்தா ஒருத்தன் ஜோக்கர், ரெண்டு டீமுக்கும் பேட்டிங் பண்ணுவான். இதையெல்லாம் யாரும் புக்ல பார்த்து வைக்கல, அந்தத் தெருவுக்கு, அந்த ஆள் எண்ணிக்கைக்கு, அந்த எதிர் வீட்டுக்காரரோட கோபத்துக்கு ஏத்த மாதிரி பசங்களே வச்சது. பத்து வயசு பசங்க பண்ணுற அந்த வேலைக்குப் பேருதான் கேம் டிசைன்.

அதுல ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துப் பாருங்க: காம்பவுண்டுக்குள்ள விழுந்தா அவுட். இந்த விதி வந்ததும் என்ன ஆகுது? தூக்கி அடிக்கிறவன் எல்லாம் தரையோட தட்டி ஓட்ட ஆரம்பிக்கிறான். ஃபீல்டிங் பண்ணுறவங்க தூரமா நிக்காம கிட்ட வந்து சுத்தி நிக்கிறாங்க. கொஞ்சம் விவரமான பௌலர் இருந்தா வேணும்னே மெதுவா தூக்கிப் போட்டு "அடிடா பாக்கலாம்"னு ஆசை காட்டுறான். இதுல எதையும் விதி சொல்லல. விதி சொன்னது அவுட்டுன்னு மட்டும்தான், மிச்சம் எல்லாம் ஆடுறவங்ககிட்ட இருந்து தானா வந்தது.

அப்புறம் கடைசி பந்து, ஜெயிக்க நாலு ரன் வேணும்னு வருது பாருங்க, அங்க ஒரு படபடப்பு வரும். பெருசா அடிச்சாத்தான் ஜெயிக்கலாம், ஆனா பெருசா அடிச்சா அவுட்டாகுற வாய்ப்பும் அதே அடியிலதான் இருக்கு. மறுநாள் ஸ்கூல்ல போய் அந்தப் பந்தைப் பத்தி ஒருத்தன் கை ஆட்டி ஆட்டி கதை சொல்லுவான். அந்தக் கதையை முன்னாடியே யாரும் எழுதி வைக்கல, அந்த ஒரு விதி இல்லாம இருந்திருந்தா அந்தக் கதையே பொறந்திருக்காது.

இப்ப இதுக்கு பேர் வைப்போம். விதிகளும், அந்த விதி உங்களுக்கு அனுமதிக்கிற செயல்களும் சேர்ந்தது மெக்கானிக்ஸ். நிஜமா ஆட்கள் இறங்கி ஆடும்போது அந்த விதிகள்ல இருந்து தானா கிளம்புற நடத்தை டைனமிக்ஸ். அதனால ஆடுறவங்க மனசுல வர்ற பயம், பரபரப்பு, பாசம், கடுப்பு எல்லாம் மூணாவது, அதை நாம உணர்வுன்னே வச்சுக்கலாம். 2004ல ராபின் ஹனிக்கி, மார்க் லெப்ளாங், ராபர்ட் ஸுபெக்னு மூணு பேர் எழுதின ஒரு சின்ன கட்டுரையில இருந்துதான் இந்த மூணு அடுக்குப் பிரிப்பு பரவுச்சு. அதுல இருக்குற முக்கியமான விஷயம், டிசைனரும் ஆடுறவரும் இதை எதிரெதிர் முனையில இருந்து பாக்குறாங்கங்கிறது. ஆடுறவருக்கு முதல்ல படுறது உணர்வு. டிசைனரால தொட முடிஞ்சது விதியை மட்டும்தான், நடுவுல இருக்குறதை அவரால நேரா தொடவே முடியாது. "இங்க பயம் வரணும்"னு எழுதி வச்சா பயம் வந்துடாது, பயம் வர்ற மாதிரி நடந்துக்க வைக்கிற விதியைத் தேடணும்.

சுருக்கமா இதுவரைக்கும்: விதி மாறினா நடத்தை மாறும், நடத்தை மாறினா உணர்வு மாறும், அந்த உணர்வு சேர்ந்ததைத்தான் நாம வெளிய போய் கதையா சொல்றோம்.

ஆடு புலி ஆட்டம்: ஒரு வசனம் கூட இல்லாத கதை

பழைய கோயில் மண்டபத் தரையில இந்தக் கட்டம் செதுக்கியிருக்குறதைப் பார்த்திருப்பீங்க. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனா பொதுவா 3 புலி, 15 ஆடு, கோடுங்க சந்திக்கிற 23 புள்ளி. ஒருத்தர் புலி, இன்னொருத்தர் ஆடு. பக்கத்துப் புள்ளியில ஆடு இருந்து, அதே கோட்டுல அதுக்கு அந்தப் பக்கம் காலியா இருந்தா புலி தாண்டிக் குதிச்சு அந்த ஆட்டை வெட்டிடும். ஆட்டால யாரையும் வெட்ட முடியாது. ஆடுகளை ஒவ்வொண்ணாத்தான் வைக்கணும், 15ஐயும் வச்சு முடிக்கிற வரைக்கும் ஏற்கெனவே வச்ச ஆடு நகரக்கூடாது. புலிங்க எதுவும் நகர வழியில்லாம அடைச்சுட்டா ஆடு ஜெயிச்சுது.

இப்ப கட்டத்துல ஒரு இடத்தை மட்டும் கிட்ட போய் பாருங்க. புலி பக்கத்துல ஒரு ஆடு, அதுக்குப் பின்னாடி காலி. அடுத்த நகர்வுல அந்த ஆடு இல்ல. அதே இடம், அதே புலி, அதே ஆடு, ஆனா பின்னாடி இருக்குற புள்ளியில இன்னொரு ஆடு நிக்குதுன்னு வைங்க. புலியால ஒண்ணும் பண்ண முடியாது, குதிச்சு இறங்க இடம் இல்ல. முன்னாடி நிக்கிற ஆட்டோட உயிர் பின்னாடி நிக்கிற ஆட்டுகிட்ட இருக்கு.

"ஆடுங்க எல்லாம் சேர்ந்து நிக்கணும்"னு இந்த ஆட்டத்துல எந்த விதியும் கிடையாது. ஆனா ஆடு சைடு எடுத்தவர் நாலு ஆட்டைப் பறிகொடுத்ததும் அவரே தன்னால சேர்த்து சேர்த்து வைக்க ஆரம்பிச்சிடுவாரு. புலி பக்கம் இருக்குறவருக்கு நேர் எதிர் அனுபவம், முதல்ல கட்டமே காலி, ராஜா மாதிரி சுத்துவாரு, ஆடு கூடக் கூட இடம் சுருங்கும், கடைசியில பலம் குறையாமலே ஒரு மூலையில மாட்டிக்குவாரு. ஆரம்பம், திருப்பம், முடிவு மூணும் இருக்கு. எனக்கு இது நல்லா எழுதின ஒரு சிறுகதைக்கு குறைஞ்சதா தோணல.

பரமபதம் இதுக்கு நேர் மாறு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்க ஆடுற ஆட்டம், ஏணி புண்ணியம், பாம்பு பாவம். அதுல ஆடுறவர் எடுக்குற முடிவுன்னு ஒண்ணு கூட இல்ல, தாயக்கட்டை சொன்னதுதான். "அதுல டிசைனே இல்லையே, வெறும் லக்குதானே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நீ எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் மேல ஏறுறதும் சறுக்குறதும் உன் கையில இல்ல, மோட்சத்துக்குப் பக்கத்துல போனாலும் ஒரு பெரிய பாம்பு காத்துட்டு இருக்குங்கிற அந்த உணர்வு வரணும்னா முடிவெடுக்குற உரிமையை ஆடுறவர்கிட்ட இருந்து பிடுங்கித்தான் ஆகணும். அங்க இல்லாத விதிதான் கதை சொல்லுது.

ஒரே அட்டை, ரெண்டு விதி, ரெண்டு கதை

லீவுல "பிசினஸ்" விளையாடாத வீடு கம்மி. பம்பாய், டெல்லி, மெட்ராஸ்னு ஊர் ஊரா வாங்கி வாடகை வசூல் பண்ணுறது. அதோட மூலம் மோனோபோலி, மோனோபோலிக்கு மூலம் அமெரிக்காவுல எலிசபெத் மேகிங்கிற அம்மா உருவாக்கி 1904ல பேட்டண்ட் வாங்கின "லேண்ட்லார்ட்ஸ் கேம்".

அவங்க அதை உருவாக்கினது காசு சேர்க்குறது எவ்ளோ ஜாலின்னு காட்ட இல்ல. நிலம் ஒரு சிலர் கையில போய் மாட்டினா மத்தவங்க எல்லாம் எப்படி வாடகை கட்டியே காலியாவாங்கன்னு காட்டத்தான். ஹென்றி ஜார்ஜ்னு ஒரு பொருளாதாரச் சிந்தனையாளர், நிலத்தோட மதிப்புக்குத்தான் வரி போடணும்னு சொன்னவர், அவரோட கருத்தைப் பரப்ப விரும்பினாங்க மேகி. துண்டுப் பிரசுரம் அடிக்காம அட்டையும் விதியும் செஞ்சாங்க.

அவங்க அதே அட்டைக்கு ரெண்டு வகை விதி வச்சாங்க. ஒண்ணுல மத்தவங்களை எல்லாம் ஓட்டாண்டி ஆக்குறவர் ஜெயிப்பாரு. இன்னொண்ணுல ஊர்ல செல்வம் உண்டாகும்போது அதோட பலன் எல்லாருக்கும் போகும். அதே கட்டம், அதே காய், ஆனா முதல் விதியில ஆடினா பக்கத்துல இருக்குறவன் எப்ப விழுவான்னு காத்துட்டு இருப்பீங்க, ரெண்டாவதுல அவன் நல்லா இருக்குறது உங்களுக்கும் நல்லது. 1935ல பார்க்கர் பிரதர்ஸ் மோனோபோலியை வெளியிட்டப்போ உலகம் முழுக்கப் போனது முதல் வகைதான். மேகியோட பேட்டண்ட்டை அவங்க 500 டாலருக்கு வாங்கிட்டாங்க. எச்சரிக்கையா செஞ்ச ஆட்டம் ஆசை காட்டுற ஆட்டமா ஆயிடுச்சு, ரெண்டாவது விதி மட்டும் காணாமப் போனதால. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாத்தான் இருக்கும்.

இந்த இடத்துல இன்னொரு சொல் தேவைப்படுது, ஃபீட்பேக் லூப். ஒரு செயலோட விளைவு திரும்பி வந்து அதே செயலை இன்னும் சுலபமாவோ இன்னும் கஷ்டமாவோ ஆக்குறது. மோனோபோலியில காசு இருந்தா இடம் வாங்கலாம், இடம் இருந்தா வாடகை வரும், வாடகை வந்தா இன்னும் இடம், இது முன்னாடி இருக்குறவனை மேல தள்ளிட்டே போகுற லூப். ஒரு மணி நேரத்துலயே யார் ஜெயிப்பான்னு தெரிஞ்சு போய் மிச்ச நேரம் மத்தவங்க கொட்டாவி விடுறதுக்கு இதுதான் காரணம், அது டிசைன் கோளாறு இல்ல, மேகி காட்ட நினைச்சதே அதைத்தான். மரியோ கார்ட் மாதிரி ரேஸ் கேம்ல நேர் எதிர், பின்னாடி வர்றவனுக்கு பலமான ஆயுதம் கிடைக்கும், முன்னாடி போறவனுக்கு வாழைப்பழத் தோல். அதனாலதான் கடைசி வளைவு வரைக்கும் எல்லாரும் கத்திட்டே விளையாடுறாங்க.

தள்ளி விட்டவங்க கூட்டாளி ஆன கதை

2012ல வந்த "ஜர்னி"ங்கிற கேம், ஜெனோவா சென் தலைமையில செஞ்சது. ஒரு பாலைவனம், தூரத்துல ஒரு மலை, நீங்க அங்க போகணும். வழியில முகம் தெரியாத இன்னொரு ஆள் வந்து சேருவாரு, அவரும் உலகத்துல எங்கயோ உக்காந்து விளையாடுற நிஜ மனுஷன்தான். பேச முடியாது, டைப் பண்ண முடியாது, பேரு கூட கடைசியிலதான் தெரியும். ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பலாம்.

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பிணைப்பு வரணும்ங்கிறதுதான் டீமோட ஆசை. முதல்ல நிஜ உலகம் மாதிரியே ஒருத்தரை ஒருத்தர் உடம்பால இடிக்க முடியுற மாதிரி வச்சாங்க, கஷ்டமான இடத்துல கை குடுத்து தூக்கி விடுவாங்க, தள்ளி உதவி பண்ணுவாங்கன்னு நினைச்சு. டெஸ்ட் பண்ணும்போது என்ன நடந்துச்சுன்னா ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பள்ளத்துல தள்ளி விட ஆரம்பிச்சாங்க. தள்ளினா ஏதோ பெருசா நடக்குது, உதவி பண்ணினா ஒண்ணும் நடக்கல, கை எங்க போகும்?

டீம் "தயவு செஞ்சு அன்பா இருங்க"ன்னு எழுதி வைக்கல. இடிக்கிறதையே எடுத்துட்டாங்க. அதுக்கு பதிலா ரெண்டு பேரும் ஒட்டி நின்னா ரெண்டு பேரோட துண்டும் ஒளிர்ந்து, பறக்குற சக்தி திரும்ப வரும்னு வச்சாங்க. இவ்ளோதான். அதே மாதிரி ஆளுங்க, இப்ப பனியில நடக்கும்போது ஒட்டி ஒட்டி நடந்தாங்க, ஒருத்தர் பின்தங்கினா நின்னு காத்திருந்தாங்க. விளையாடி முடிச்சு, முகம் தெரியாத அந்தத் துணையை நினைச்சு அழுதவங்க எத்தனையோ பேர். கெட்டவங்க நல்லவங்க ஆகல, விதி மாறுச்சு.

சொல்லாம சொல்லிக் குடுக்குறது

இதுவரைக்கும் விதியைப் பத்திப் பேசினோம். அந்த விதியை ஆடுறவருக்கு எப்படிப் புரிய வைக்கிறதுங்கிறதும் டிசைன்தான். இதுக்கு உலகமே காட்டுற உதாரணம் 1985ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸோட முதல் லெவல். நம்ம ஊர்ல டிவியில கேசட் செருகி விளையாடின தலைமுறைக்கு அந்த இடம் மனப்பாடம்.

மரியோ திரையோட இடது பக்கம் நிக்கிறான், வலது பக்கம் காலி. வலது பக்கம் போகணும்னு யாரும் சொல்லல, போவீங்க. எதிர்ல கோபமா ஒரு சின்ன உருவம் வரும், மேல பட்டா செத்துப் போவீங்க, ஆரம்பத்துலயே செத்ததால பெருசா ஒண்ணும் நஷ்டம் இல்ல, அடுத்த முறை குதிப்பீங்க. மினுக்குற கேள்விக்குறி பெட்டியை முட்டினா காளான் வெளிய வரும். இங்கதான் சாமர்த்தியம். அந்தக் காளான் பார்க்க முன்னாடி வந்த எதிரி மாதிரியே இருக்கும், புதுசா ஆடுறவர் பயந்து ஒதுங்கத்தான் பார்ப்பாரு. ஆனா அது வலது பக்கம் உருண்டு போய் அங்க இருக்குற பைப்ல முட்டி உங்களை நோக்கியே திரும்பி வரும். குதிச்சுத் தப்பிக்கலாம்னா தலைக்கு மேல செங்கல், முட்டிக் கீழ விழுவீங்க, காளான் மேலயே. பட்டதும் மரியோ பெருசாயிடுவான். ஓ, இது நல்லதுன்னு புரிஞ்சிடும். இப்படித்தான் யோசிச்சு வச்சோம்னு மரியோவை உருவாக்கின நின்டெண்டோ கம்பெனி டிசைனர் மியாமோட்டோவே பின்னாடி விளக்கியிருக்காரு. ஒரு பைப்பை எங்க வைக்கணும்னு யோசிக்கிறதுல இவ்ளோ இருக்கு.

நின்டெண்டோவுல கொய்ச்சி ஹயாஷிடான்னு இன்னொரு டிசைனர், 2011ல வந்த சூப்பர் மரியோ 3டி லேண்ட் லெவல்களை நாலு படி கதை அமைப்புல கட்டினதா சொல்லியிருக்காரு. ஜப்பான் நாலு கட்ட காமிக்ஸ்ல வர்ற முறை அது: புதுசா ஒண்ணை ஆபத்தில்லாத இடத்துல அறிமுகப்படுத்து, அதை வளர்த்துக் காட்டு, எதிர்பாக்காத மாதிரி திருப்பு, கடைசியா கத்துக்கிட்டதை வச்சு முடிக்க விடு. ஒரு நகரும் பலகையை வச்சே இப்படி ஒரு கதை சொல்லலாம்.

சுருக்கமா: விதி என்ன உணர்வு தரணும்னு முடிவு பண்ணுறதும், அந்த விதியை வாய் திறக்காம கத்துக்குடுக்குறதும், டிசைனரோட வேலைல பெரும்பங்கு இந்த ரெண்டுலயும் போகுது.

கதை உள்ள நீங்க, கையில முத்திரை

இதை உச்சத்துக்கு கொண்டு போன கேம்னா நான் "பேப்பர்ஸ், ப்ளீஸ்" சொல்லுவேன். 2013ல லூகாஸ் போப்னு ஒரே ஆள் செஞ்சது. 1982, ஆர்ஸ்டோட்ஸ்கான்னு ஒரு கற்பனை கம்யூனிஸ்ட் நாடு, நீங்க எல்லைச் சாவடியில பாஸ்போர்ட் பாக்குற அதிகாரி. வீரசாகசம் ஒண்ணும் கிடையாது, வர்றவங்க காகிதத்தைப் பார்த்து பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தணும், அவ்ளோதான் வேலை.

ஒரு ஆளைச் சரியா பார்த்து அனுப்பினா 5 காசு. தப்பு பண்ணினா முதல் ரெண்டு தடவை எச்சரிக்கை, அதுக்கு மேல சம்பளத்துல பிடிப்பாங்க. ராத்திரி வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்குற செலவு எல்லாம் அந்தக் காசுலதான், பத்தலைன்னா வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமப் போகும். மேசை சின்னது, நாள் போகப் போக பாக்க வேண்டிய காகிதம் கூடிட்டே போகும், ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும், தேதியைத் தேடுறதுக்குள்ள நேரம் போயிடும்.

அப்படி ஒரு நாள் ஒருத்தர் வருவாரு. காகிதம் எல்லாம் சரியா இருக்கு. பின்னாடி என் மனைவி வர்றா, கொஞ்சம் கனிவா இருங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாரு. அடுத்து அந்த அம்மா. அவங்ககிட்ட நுழைவு அனுமதிச் சீட்டு இல்ல. திருப்பி அனுப்பினா கொன்னுடுவாங்கன்னு சொல்றாங்க. இப்ப உங்க கை முத்திரை மேல இருக்கு. உள்ள விட்டா அது ஒரு தப்பு, கணக்குல ஏறும்.

இதையே படமா எடுத்திருந்தா அந்த அதிகாரியைப் பார்த்து கோபப்பட்டிருப்போம், இல்ல பாராட்டியிருப்போம். இங்க அந்த அதிகாரி நாம. ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை வாங்கினவர் மனசுக்குள்ள ஓடுற கணக்கு இருக்கே, 5 காசுக்காக ஒரு உயிரை யோசிக்கிறேனான்னு, அந்தக் கூச்சத்தை எந்த வசனத்தாலயும் இப்படி உண்டாக்க முடியாதுங்கிறது என் கருத்து.

ரெண்டும் சண்டை போட்டா?

சண்டை போடும், நிறைய கேம்ல போடுது. கதை ஒண்ணு சொல்லும், விதி வேற ஒண்ணைச் செய்ய வைக்கும். 2007ல கிளின்ட் ஹாக்கிங்னு ஒரு டிசைனர் பயோஷாக்ங்கிற கேமைப் பத்தி எழுதும்போது இதுக்கு லூடோநேரேட்டிவ் டிசனன்ஸ்னு பேர் வச்சாரு. பேரு வாயில நுழையாது, விஷயம் சிம்பிள், விளையாட்டும் கதையும் சுருதி சேராம இருக்குறது. விட்சர் 3ல மகள் மாதிரி வளர்த்த பொண்ணை கொலைகாரக் கும்பல் துரத்துது, உடனே கண்டுபிடிக்கணும்னு கதை பதறும். நாம ஊர் ஊரா போய் க்வென்ட் சீட்டு ஆடிட்டு இருப்போம், ஏன்னா விதி அதைத் தடுக்கல, ஆடினா பரிசும் குடுக்குது. அந்தக் கேம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் அந்தப் பதற்றம் கட்சீன்ல மட்டும்தான் இருக்குங்கிறதை ஒத்துக்கணும். கட்சீன்னா நீங்க கையை எடுத்துட்டு வேடிக்கை பாக்குற படக்காட்சி.

அதே சமையல், வேற விதி

விதிதான் கதையைத் தீர்மானிக்குதுங்கிறதுக்கு ரெண்டு சமையல் கேமைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 2016ல வந்த ஓவர்குக்டுல நேரம் ஓடிட்டே இருக்கும், ஆர்டர் குவியும், சமையலறையே ரெண்டா பிளந்து நகரும், நாலு பேர் சேர்ந்து "வெங்காயம் எங்கடா", "தட்டு கழுவுடா"ன்னு கத்துவாங்க. அது கூட்டு வேலையைப் பத்தின கேம், சாப்பாடு ஒரு சாக்கு.

2023ல வந்த "வெண்பா"வும் சமையல்தான். டொராண்டோவுல இருக்குற விசை கேம்ஸ் செஞ்சது, தமிழ்நாட்டுல இருந்து 1980கள்ல கனடா போன ஒரு குடும்பத்தோட கதை. இதுல கடிகாரம் துரத்தாது. அம்மா குடுத்து விட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் கிடக்கு, விட்டுப் போன வரி என்னவா இருக்கும், இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்னு நீங்களே யோசிச்சு கண்டுபிடிக்கணும். ஊரை விட்டுப் போனவங்களுக்கு அம்மாவோட சமையல் எப்படி நினைவுல துண்டு துண்டா இருக்குமோ அதையே புதிரா ஆக்கிட்டாங்க. அழிஞ்ச எழுத்தை ஊகிக்கிறதுதான் விதி, இழந்ததை ஒட்ட வைக்கிறதுதான் கதை, ரெண்டும் ஒரே செயல். 2024ல இதுக்கு பிரிட்டன்ல சினிமாவுக்கும் கேமுக்கும் விருது குடுக்குற பாஃப்டாவோட அறிமுக கேம் விருதும் சுயாதீன கேம் விழாவோட பெரிய பரிசும் கிடைச்சது, இட்லியும் புட்டும் வர்ற கேமுக்கு அப்படி ஒரு மேடை கிடைச்சதுல எனக்கு இன்னும் பெருமைதான்.

செஞ்சு பாக்கணும்னு ஆசை இருந்தா

புதுசா வர்றவங்க நிறைய பேர் 80 பக்கத்துக்கு ராஜா, ராஜ்யம், சாபம்னு கதை எழுதிட்டு அப்புறம் எஞ்சின், அதாவது கேம் செய்யுற சாஃப்ட்வேர், எது நல்லதுன்னு கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதுங்க: ஆடுறவர் நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன செய்வாரு? குதிப்பாரா, ஒளிவாரா, ஊகிப்பாரா, பகிர்ந்துக்குவாரா? அந்த வினைச்சொல் உங்க கதைக்கு ஒத்து வருதான்னு பாருங்க. தனிமையைப் பத்தின கதைக்கு சுடுறது மட்டும்தான் செயல்னா ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம்.

அடுத்தது புரோட்டோடைப், அதாவது யோசனை வேலை செய்யுதான்னு பாக்க அவசரத்துக்குச் செய்யுற மாதிரி வடிவம். காகிதம், பொத்தான், புளியங்கொட்டை போதும், கம்ப்யூட்டரே வேணாம். அப்புறம் பிளேடெஸ்ட், வேற ஒருத்தரை ஆட விட்டு நாம பாக்குறது. இதுல ஒரே கட்டுப்பாடு, வாயைத் திறக்கக் கூடாது. "அது அப்படி இல்ல, இப்படி"ன்னு சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீங்க, கேம் விக்கும்போது பெட்டிக்குள்ள நீங்க வர மாட்டீங்க. எங்க தயங்கினாங்க, எங்க சிரிச்சாங்க, எங்க ஃபோனை எடுத்தாங்கன்னு குறிச்சு வைங்க. அவங்க முடிஞ்சதும் "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்றதை விட அந்தக் குறிப்பு பத்து மடங்கு உண்மை. பள்ளத்துல தள்ளி விடுறாங்கன்னு ஜர்னி டீமுக்குத் தெரிஞ்சதே இப்படி உக்காந்து பார்த்ததாலதான்.

முதல் பயிற்சியா புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம், ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்குங்க. வழக்கமான விதியில ரெண்டு ஆட்டம் ஆடுங்க. பொதுவா புலிக்கு வாய்ப்பு இருந்தாலும் வெட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. மூணாவது ஆட்டத்துல அதை மட்டும் மாத்துங்க: வெட்ட முடிஞ்சா புலி வெட்டியே தீரணும். வேற எதையும் தொடாதீங்க. கொஞ்ச நேரத்துல ஆடு சைடுல இருக்குறவர் வேணும்னே ஒரு ஆட்டைத் தனியா கொண்டு போய் வைப்பாரு, புலியை அது இருந்த நல்ல இடத்துல இருந்து இழுக்க. அவர் அதை எத்தனாவது நகர்வுல செய்யுறாரு, செய்யும்போது புலிக்காரர் முகம் எப்படி மாறுதுன்னு எழுதி வைங்க. பழைய விதிக்குத் திரும்பி இன்னொரு ஆட்டம் ஆடிட்டு, அதுக்கப்புறம் அடுத்த விதியை மாத்துங்க, ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும்.